மேயர் பதவிக்கு ஏன் வருகிறார்கள், சிலர் கையில் மட்டும் நகரம் ஏன் மாறுகிறது

கேள்வி இதுதான்: வேறு தொழிலில் இதைவிட அதிகச் சம்பளமும் நிம்மதியும் கிடைக்கக்கூடிய ஒருவர் மேயராக ஏன் ஆசைப்படுகிறார்? அந்த ஆசைக்கும் நகரம் சீராவதற்கும் உண்மையில் தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் பலரும் நினைப்பதுபோல நல்ல மனசு இருந்தால் நல்ல நகரம் வந்துவிடுவதில்லை. தன்னலமே இல்லாத மேயர்கள் ஒன்றும் நடக்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பச்சையான பதவி ஆசை உள்ளவர்கள் ஓர் ஆற்றையே வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வித்தியாசம், அந்த ஆசை எவ்வளவு குறிப்பானது என்பதில் இருக்கிறது. "நகரத்தை உலகத் தரத்துக்கு உயர்த்துவேன்" என்று வருபவரிடம் அதிகாரிகள் முதல் வாரமே ஐம்பது திட்டங்களை நீட்டுவார்கள். அவர் ஐம்பதுக்கும் தலையாட்டுவார். "இந்த ஆற்றில் இனி கழிவுநீர் கலக்கக் கூடாது" என்று வருபவருக்கு ஒரே கேள்விதான்: எத்தனை இடத்தில் கலக்கிறது, யார் அடைப்பது, எந்தத் தேதிக்குள்?

பொதுச்சேவை உந்துதல் என்பது ஆய்வுத்துறையில் தனி விஷயமாகவே வளர்ந்திருக்கிறது. ஜேம்ஸ் பெரி, லோயிஸ் வைஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-ல் இதை வரையறுத்தார்கள். 1996-ல் பெரி 24 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார். கொள்கை வகுப்பதில் ஈர்ப்பு, பொதுநலக் கடப்பாடு, இரக்கம், தன்னைத் தியாகம் செய்யும் மனப்பான்மை என்று நான்கு தலைப்புகள். அரசு ஊழியர்களை அளக்க இது உதவும். தேர்தலில் நிற்பவரிடம் இதே தாளைக் கொடுத்தால் நான்கிலும் நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். ஆகவே மேயர்களைப் பொறுத்தவரை தாளை விட்டுவிட்டு, செய்ததிலிருந்து பின்னோக்கிப் படிப்பதுதான் வழி.

அப்படிப் படித்தால் முதலில் தென்படுவது அவமானம். 1991-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானப் பராமரிப்பு மையத்துக்கு இடம் தேடியது. அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி பெரிய சலுகைகளோடு வரிசையில் நின்றது. நிறுவனம் இண்டியானாபொலிஸைத் தேர்ந்தெடுத்தது. சலுகை போதாததால் அல்ல, ஊழியர்கள் குடும்பத்தோடு வாழ விரும்பும் நகரமாக ஓக்லஹோமா சிட்டி இல்லாததால்தான் என்ற பேச்சு அங்கே நிலைத்துவிட்டது. அப்போதைய மேயர் ரான் நோரிக் அதற்குப் பின் நிறுவனங்களின் பின்னால் ஓடுவதை விட்டுவிட்டு நகர மையத்தைக் கட்ட முடிவெடுத்தார். 1993 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பு: ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் ஒரு டாலர் விற்பனைக்கு ஒரு சென்ட் வரி, நூலகம், அரங்கம், கால்வாய், பந்தாட்ட மைதானம் உள்பட ஒன்பது வேலைகள், கடன் வாங்காமல், வரி சேரச் சேரக் கட்டுவது, மேற்பார்வைக்குக் குடிமக்கள் குழு. திரண்டது 30 கோடி டாலருக்கு மேல். அதுவும் போதாமல் 1998-ல் இன்னொரு வாக்கெடுப்பு வைத்து வரியை ஆறு மாதம் நீட்டித்துத்தான் முடித்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது வேலைகளின் பட்டியலைவிட நிபந்தனைகள்தான்: முடிவுத் தேதி உள்ள வரி, பெயர் சொல்லிக் குறித்த வேலைகள். வரி என்றாலே முகம் சுளிப்பவர்கள்கூட "இதற்கு, இவ்வளவு காலம்" என்றால் யோசிப்பார்கள்.

வியாபாரக் கணக்கிலிருந்து வருகிற உந்துதலும் உண்டு. 1873-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்கு மேயரான ஜோசப் சேம்பர்லின் திருகாணி உற்பத்தியில் சொத்துச் சேர்த்தவர். தனியார் எரிவாயு நிறுவனங்கள் இரண்டை நகரத்துக்காக வாங்கினார். அந்த லாபத்தை நகர வேலைகளுக்குத் திருப்பினார். அடுத்துக் குடிநீர் நிறுவனத்தை வாங்கியபோது மட்டும் கணக்கை மாற்றினார். எரிவாயுவில் லாபம் பார்க்கலாம், தண்ணீரில் கூடாது. மிஞ்சினால் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவர் நிலை. ஒரே ஆள், ஒரே சில ஆண்டுகள், இரண்டு சேவைகளுக்கு இரண்டு நியாயம். இரக்கம், கணக்கு என்று உந்துதலைப் பிரித்துப் பெட்டியில் போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டாம்.

இனி ஒரு வேலையை நெருங்கிப் பார்க்கலாம். பிரேசிலின் குரிச்சிபா நகரில் 1971-ல் மேயரான ஜைமி லெர்னர் கட்டடக் கலைஞர். நகரின் முக்கியக் கடைத்தெருவில் கார்களை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது திட்டம். பொதுப்பணித் துறை மாதக் கணக்கில் ஆகும் என்றது. அவர் பேரம் பேசி 72 மணி நேரத்துக்குக் கொண்டுவந்தார். 1972-ல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நீதிமன்றங்கள் மூடிய பிறகு வேலை தொடங்கியது. வாரம் பிறக்கும்போது தெருவில் கல் பாவி, செடித் தொட்டியும் விளக்கும் வைத்தாகிவிட்டது. நேரத்தை அப்படித் தேர்ந்ததற்குக் காரணம் தடையாணை. கடைக்காரர்கள் வழக்குப் போடுவார்கள் என்று தெரியும். பாதி தோண்டிய தெருவுக்குத் தடை வந்தால் திட்டமும் செத்துப்போகும், அந்தப் பள்ளத்தைக் காட்டியே அடுத்த எல்லாத் திட்டங்களையும் எதிர்ப்பார்கள். முடிந்த தெருவைப் பார்த்தபின் எதிர்த்தவர்களே அடுத்த பகுதிக்கும் நீட்டிக்கச் சொன்னார்கள். கார் ஓட்டுவோர் சங்கம் தெருவை மீட்கக் காரோடு வரப்போவதாக மிரட்டியபோது போலீஸை நிறுத்தவில்லை. நீளமான காகிதத்தைத் தெரு நெடுக விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள்.

இந்தக் கதையைக் கேட்டு "எங்களுக்கும் 72 மணி நேரத்தில் ஒரு தெரு" என்று கிளம்புகிறவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, குரிச்சிபாவின் திட்ட ஆய்வு நிறுவனம் 1965-லேயே தொடங்கியது. நகரின் பெருந்திட்டம் 1966-ல் தயார். வார இறுதி வேலைக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் வரைபட உழைப்பு இருந்தது. இரண்டு, லெர்னர் அப்போது தேர்தலில் வென்று வந்தவர் அல்லர். ராணுவ ஆட்சிக் காலத்தில் நியமிக்கப்பட்டவர். மன்றத்தில் வாக்கெடுப்பு, எதிர்க்கட்சி, அடுத்த தேர்தல் என்ற சுமைகள் இல்லாதவர் காட்டிய வேகத்தை, அவை எல்லாம் உள்ளவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பதவி ஆசை எவ்வளவு வேலை வாங்கும் என்பதற்குச் சியோல். லீ மியுங்-பாக் பெரிய கட்டுமான நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். நகர மையத்தில் ஓடிய சங்கேச்சன் ஓடையை முன்பே மூடி, அதன் மேல் உயர்மட்ட விரைவுச்சாலை கட்டியிருந்தார்கள். அந்த வழியில் நாளொன்றுக்கு 1,60,000-க்கும் மேற்பட்ட வாகனங்கள். 2002 தேர்தலில் அதை இடித்து ஓடையைத் திறப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். 2003 ஜூலையில் இடிப்புத் தொடங்கியது. 2005 அக்டோபரில் 5.8 கிலோமீட்டர் ஓடை திறந்தது. மேயர் பதவிக்காலம் 2006 ஜூன் வரை. 2007 இறுதியில் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்றார். தேதிகளை வரிசையாக எழுதினாலே உந்துதல் தெரிந்துவிடும். இதில் ஒளிவுமறைவும் இல்லை.

ஆனால் அந்த ஆசை தனியாக நிற்கவில்லை. உயர்மட்டச் சாலை பழுதாகியிருந்தது. சரிசெய்யவே ஏறத்தாழ 10,000 கோடி வொன் ஆகும் என்ற மதிப்பீடு இருந்தது. "இடிப்பதா, வேண்டாமா" என்ற கேள்வி "இவ்வளவு கொட்டிப் பழையதைக் காப்பதா, கூடுதலாகப் போட்டுப் புதியதைச் செய்வதா" என்று மாறியது. மறுசீரமைப்பில் அதிகம் உதவுகிற வாதம் இதுதான்: எதுவும் செய்யாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதை எண்ணில் காட்டு. கூடவே 2004 ஜூலையில் பேருந்து அமைப்பையே மாற்றினார்கள்: சாலை நடுவில் பேருந்துத் தடம், தூரத்துக்கேற்ற ஒருங்கிணைந்த கட்டணம், ஒரே அட்டை. சாலையை எடுத்துவிட்டுப் பயணிக்கு மாற்று கொடுக்காமல் இருந்திருந்தால் ஓடை திறக்கும் முன்பே மேயரின் பெயர் மூழ்கியிருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஓடையில் ஓடுவது பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து இறைத்துவிடும் நீர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 டன். அந்த மோட்டார்களின் மின்கட்டணம் ஓடை உள்ளவரை ஓடும். கரையோரம் கடை போட்டிருந்தவர்களைத் தொங்தேமுன் விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள். சில ஆண்டுகளில் அடுத்த மேயரின் திட்டத்துக்காக அந்த அரங்கமும் இடிபட்டது; அவர்கள் இரண்டாம் முறை மூட்டை கட்டினார்கள். பர்மிங்ஹாமிலும் இதே கதைதான். சேம்பர்லின் குடிசைப் பகுதிகளை இடித்துப் பெரிய வணிகத் தெரு அமைத்தார்; அங்கே குடியிருந்த தொழிலாளர்களுக்கு மாற்று வீடு அபூர்வமாகவே கட்டப்பட்டது. வெளியேற்றப்படுபவர்களுக்கான இடத்தை இடிப்பாணைக்கு முன்பே கையில் வைத்திருக்காத எந்த மறுசீரமைப்பும் வறுமையை அடுத்த வட்டாரத்துக்குத் தள்ளும் வேலைதான். மாற்றிடம் என்றால் பட்டா மட்டும் போதாது. பிழைப்பு இருக்கும் இடத்திலிருந்து எத்தனை நிமிடம், எவ்வளவு பேருந்துக் கட்டணம் என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, யாரும் திறப்பு விழா நடத்தாத பகுதி. ஸ்பெயின் நகரமான பில்பாவோ என்றால் 1997-ல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஒரு கட்டடம் ஒரு நகரத்தைக் காப்பாற்றியது என்று நம்பி எத்தனையோ மேயர்கள் வளைந்த கட்டடங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் அந்த நகரம் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே கழிவுநீர்த் திட்டத்தை எடுத்துக்கொண்டது. ஆற்று முகத்துவாரத்தைச் சுத்தம் செய்ய ஆன செலவு அருங்காட்சியகச் செலவைப்போலப் பல மடங்கு. 1995-ல் மெட்ரோ. நிலத்தை ஒருங்கிணைக்க 1992-ல் ஒரு பொது நிறுவனம்: பாதி மத்திய அரசின் பக்கம், பாதி உள்ளூர், வட்டார அரசுகளின் பக்கம். துறைமுகம், ரயில்வே என்று நிலம் வைத்திருந்தவர்களை எல்லாம் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது அதுதான். நாறும் ஆற்றங்கரையில் அந்த டைட்டானியக் கட்டடம் நின்றிருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஒரு தெருவை எடுத்துக்கொண்டாலும் இதே விதிதான். ஒரு கிலோமீட்டர்த் தெருவைப் புதுப்பிக்கும் சரியான வரிசையைப் பார்க்கலாம். மேயரின் நோக்கம் இதில் எந்த இடத்தில் உடைகிறது என்பதும் புரியும்.

முதலில் தரைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். பழைய வரைபடத்தை நம்பக் கூடாது. ரேடார் ஓட்டிப் பார்த்து, சந்தேகமான இடங்களிலும் எல்லாச் சந்திப்புகளிலும் சோதனைக் குழி தோண்ட வேண்டும். இதற்கு இரண்டு மூன்று வாரம் போகும். இதைத் தவிர்த்தால் ஜேசிபி முதல் நாளே கேபிளை அறுக்கும், ஒப்பந்தக்காரர் "எதிர்பாராத தடை" என்று கூடுதல் பில் போடுவார், அவர் போடுவதிலும் நியாயம் இருக்கும்.

பிறகு ஆழமானதிலிருந்து மேலே வர வேண்டும். கழிவுநீர் தானாக ஓட வேண்டும், ஆகவே அதற்குத்தான் முதல் உரிமை. 200 மில்லிமீட்டர்க் குழாயில் கசடு தங்காமல் இருக்க நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும். அதற்கு 100 மீட்டருக்கு 40 சென்டிமீட்டர் இறக்கம். தெரு சமதளமாக இருந்தால் ஒரு கிலோமீட்டர் முடிவில் குழாய் தொடங்கிய மட்டத்தைவிட 4 மீட்டர் கீழே இருக்கும். அந்த ஆழத்தில் வெளியேற்ற இடமில்லை என்றால் நடுவில் நீரேற்று நிலையம் வேண்டும். அதற்கு நிலம், மின்சாரம், பார்த்துக்கொள்ள ஆள். குடிநீர்க் குழாய் கழிவுநீர்க் குழாயிலிருந்து பக்கவாட்டில் 3 மீட்டர் தள்ளிப் போவது நல்லது. குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் 45 சென்டிமீட்டராவது மேலே போக வேண்டும். குறுகிய தெருவில் இந்த 3 மீட்டர் கிடைக்காது. அங்கே மூட்டு இல்லாத குழாய், கூடுதல் உறை என்று செலவு ஏறும். எஸ்டிமேட்டில் இதைப் போடாதவர் பின்னால் வாந்திபேதியில் கணக்குத் தீர்ப்பார்.

குழி மூடுவதில்தான் பெரும்பாலான தெருக்கள் தோற்கின்றன. மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் ஈரம் பார்த்து இடித்து, ஆய்வகத்தில் கிடைத்த உச்ச அடர்த்தியில் 95 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். நடப்பது என்ன? ஒரு மீட்டர் மண்ணை ஒரேயடியாகத் தள்ளி மேலே ரோலர் ஓட்டுவார்கள். மேல் 20 சென்டிமீட்டர் இறுகும். கீழே தளதளவென்றுதான் இருக்கும். முதல் பெருமழைக்கு நீளவாக்கில் பள்ளம் விழும், மேன்ஹோல் மூடி மட்டும் 5 சென்டிமீட்டர் தூக்கி நிற்கும். எங்கேயாவது அப்படி மூடி துருத்திக்கொண்டிருந்தால் மூடியைத் திட்டாதீர்கள். மூடி இருந்த இடத்தில்தான் இருக்கிறது, சாலைதான் இறங்கிவிட்டது.

தார் போடும் முன் ஒவ்வொரு சந்திப்பிலும் சாலைக்குக் குறுக்கே இரண்டு மூன்று வெற்றுக் குழாய்கள், 110 மில்லிமீட்டர் அளவில், புதைத்துவிட வேண்டும். மொத்தச் செலவில் இது கண்ணுக்கே தெரியாது. நாளைக்கு வரப்போகும் கேபிள் நிறுவனம் வெட்டாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதோடு புதுச் சாலையை ஐந்தாண்டுக்கு வெட்டக் கூடாது என்ற விதியும், சாலை போடுவதற்கு ஆறு மாதம் முன்பே எல்லாச் சேவைத் துறைகளுக்கும் எழுத்துப்பூர்வ அறிவிப்பும் தேவை. அறிவிப்பு இல்லாமல் விதி மட்டும் இருந்தால் எல்லோரும் "அவசரப் பழுது" என்று எழுதி வெட்டுவார்கள்.

கடைசியாகத்தான் கண்ணுக்குத் தெரிவது: 1.8 மீட்டராவது தடையில்லாத நடைபாதை, சந்திப்பில் 12-க்கு 1 சரிவில் இறக்கம், மரக்குழி, விளக்கு. படத்துக்காக வருகிற மேயர் இந்தக் கடைசிப் பத்தியிலிருந்து ஆரம்பிப்பார். இரண்டு ஆண்டில் அந்த ஓடுகளை உடைத்துக் கீழே குழாய் பதிப்பார்கள்.

காலக்கணக்கும் கொடுமையானது. நான்காண்டுப் பதவி என்றால் 48 மாதம். வந்து நிலைமையைப் பார்த்து முன்னுரிமை வகுக்க 3 மாதம். அளவை, வடிவமைப்பு 6 முதல் 9 மாதம். நிதி ஒப்புதல், டெண்டர், ஒப்பந்தம் 4 முதல் 6 மாதம். ஒரு நடுத்தரத் திட்டத்தின் கட்டுமானம் 18 மாதம். எல்லாம் ஒழுங்காக நடந்தால்கூட மூன்று ஆண்டு. கடைசி ஆறேழு மாதம் தேர்தல் காய்ச்சலில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஆக, முதல் ஆண்டு முடிவதற்குள் டெண்டர் கட்டத்தைத் தொடாத திட்டத்தை அந்த மேயர் திறக்கப்போவதில்லை. மூன்றாம் ஆண்டில் புதிதாக அறிவிக்கப்படும் திட்டம் பெரும்பாலும் தேர்தல் அறிக்கையின் முதல் பக்கம்தான். ரயில் திட்டங்களின் செலவு மதிப்பீட்டைவிடச் சராசரியாக 45 சதவீதமும் சாலைகளின் செலவு 20 சதவீதமும் கூடுகிறது என்று டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃப்ளூபியர்க்கின் குழு 258 திட்டங்களை வைத்து 2002-ல் காட்டியது. கூடும் இடத்தைப் பார்த்தால் பெரும்பாலும் இந்தக் கால நெருக்கடியில், அரைகுறை வடிவமைப்போடு டெண்டர் விட்ட இடமாகவே இருக்கும்.

சட்டத் தாளில் சோம்பல் பட்டாலும் கதை முடிந்தது. பாரிஸ் மேயராக இருந்த ஆன் இதால்கோ செய்ன் நதியின் வலக்கரைச் சாலையைக் கார்களுக்கு மூடினார். சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வில் குறை இருந்ததாகச் சொல்லி 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. சில வாரங்களில் புதிய ஆணை வந்தது. இந்த முறை கரையின் பாரம்பரியச் சிறப்பைக் காப்பது என்ற காரணத்தோடு. அது நின்றது. கொள்கை அதேதான், சாலை அதேதான். மாறியது அடித்தளக் காரணம். மாசைக் குறைப்பேன் என்று எழுதினால் அடுத்த தெருக்களில் மாசு ஏறவில்லை என்று எண்ணில் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

உந்துதலோடு அதிகாரமும் இருக்கிறதா என்பது இன்னொரு சிக்கல். லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன் 2003 பிப்ரவரியில் நகர மையத்துக்குள் வரும் கார்களுக்கு 5 பவுண்ட் கட்டணம் விதித்தார். அவரால் முடிந்ததற்குக் காரணம் பேருந்துகளும் போக்குவரத்து அமைப்பும் அவர் கையில் இருந்ததுதான். முதல் நாளே கூடுதல் பேருந்து விட முடிந்தது. இந்தியாவின் பெரும்பாலான மாநகராட்சிகளில் நிர்வாக அதிகாரம் ஆணையரிடம். தில்லி மேயருக்கு ஒரே ஆண்டுதான் பதவி. ஓராண்டு மேயரின் உந்துதலை எடை போடுவது, ஒரே பந்து ஆடியவரின் சராசரியைக் கணக்கிடுவதுபோல.

அதிகாரத்தையும் பணத்தையும் அதிகம் நம்பாமல் சாதித்தவர் என்றால் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் அந்தானாஸ் மோக்குஸ். கணிதமும் தத்துவமும் கற்பித்தவர், 1995-ல் மேயரானார். சாலைச் சந்திப்புகளில் மௌன நடிகர்களை நிறுத்தி, கோட்டைத் தாண்டி நிற்கும் வண்டிகளைக் கேலி செய்ய வைத்தார். இருபது பேரில் தொடங்கி நானூறுக்கு மேல் போனது. அபராதத்தைவிடக் கூட்டத்தின் முன் கூசுவது மனிதர்களை அதிகம் கட்டுப்படுத்தும் என்பது அவர் கணக்கு. விருப்பமிருந்தால் வரியில் 10 சதவீதம் கூடுதலாகக் கட்டுங்கள் என்று பின்னொரு முறை கேட்டபோது 63,000 பேர் கட்டினார்கள். ஆசிரியரின் உந்துதல் இது. அவரும் முதல் பதவிக்காலத்தை முடிக்காமல் நாட்டுத் தேர்தலுக்காக விலகியவர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். துறவி மேயர் என்று யாரும் இல்லை.

சரி, உங்கள் முன் ஒரு மேயர் நிற்கிறார். அவரை எது இயக்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பேச்சைக் கேட்க வேண்டாம். பட்ஜெட் புத்தகத்தில் பராமரிப்பு என்ற வரியைத் தேடுங்கள். பொதுக் கட்டடங்களுக்கு, இன்று திரும்பக் கட்டினால் ஆகும் செலவில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் பராமரிப்புக்கு வேண்டும் என்பது அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு 1990-ல் வைத்த அளவு. 4 சதவீதம் என்றால் 25 ஆண்டில் கட்டடத்தின் முழு விலையும் இன்னொரு முறை செலவாகும். புதிய பூங்காக்கள் மூன்று, தோட்டக்காரர் எண்ணிக்கை மட்டும் பழையபடியே என்றால் அந்தப் பூங்காக்கள் படத்துக்காகக் கட்டப்பட்டவை. அதோடு, முந்தைய மேயர் பாதியில் விட்ட திட்டங்களுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார் என்று பாருங்கள். எதிர்க்கட்சிக்காரர் தொடங்கியதை முடிப்பதில் புகழ் இல்லை. ஆகவே அது நேர்மையான சோதனை. திட்டப் பகுதியைச் சுற்றியுள்ள நிலம் கடந்த இரண்டு ஆண்டுகளில் யார் கைக்கு மாறியது என்பதும் பத்திரப் பதிவில் கிடைக்கும். சங்கடமான விடைகள் பெரும்பாலும் அங்கேதான்.

அதே கொலம்பியாவின் மெடெயின் நகரத்தில் இந்தச் சோதனையின் இரண்டு பக்கமும் ஒரே மலைச்சரிவில் இருக்கின்றன. ஏழைகள் வாழும் வடகிழக்குக் குன்றுகளுக்குக் கேபிள் கார் போடும் வேலையைத் தொடங்கியவர் லூயிஸ் பெரெஸ். 2004-ல் அது ஓடத் தொடங்கியபோது மேயர் செர்ஹியோ ஃபஹார்தோ, கணிதப் பேராசிரியர், வேறு அணிக்காரர். அவர் அதை ஒதுக்கவில்லை. நிலையங்களைச் சுற்றிப் படிக்கட்டு, நடைபாலம், பள்ளி, நூலகம் என்று வேலைகளைக் குவித்தார். பணம் வந்த வழியும் முக்கியம்: நகரத்துக்குச் சொந்தமான மின், குடிநீர் நிறுவனம் தன் லாபத்தில் பெரும் பங்கை நகரத்துக்கே தருகிறது. 2007-ல் அந்தக் குன்றின் உச்சியில் கருங்கல் பலகை போர்த்திய எஸ்பான்யா நூலகப் பூங்கா திறந்தது. உலகம் முழுக்கப் படங்கள் போயின. பத்தாண்டு முடிவதற்குள் முகப்பு பழுதாகி நூலகத்தை மூட வேண்டியதாயிற்று. கீழே கேபிள் கார் பெட்டிகள் வழக்கம்போல ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன.